ஆட்டுக் கொட்டகைமேல் என் மகளின் முகம்

1

மறுபடியும் ஒட்டிவிட்டார்கள். காலையில் பால் வாங்கிக்கொண்டு லிஃப்டை விட்டு வெளியே வரும்போதே தெரிந்தது. எங்கள் வீட்டுக் கதவில் வெள்ளைத் தாள், நாலு மூலையிலும் டேப்.

எனக்குச் சத்தம் போட்டுச் சண்டை போட வராது. பத்தாம் வகுப்பு வரைக்கும், டீச்சர் கேள்வி கேட்டால் முன்னால் இருப்பவளின் பின்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஆள் நான். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து தலை நரைக்க ஆரம்பித்தும் அந்தக் குணம் போகவில்லை. ஆனால் கோபம் மட்டும் நன்றாக வருகிறது. வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

டவுன் கவுன்சில் நோட்டீஸ். அதில் தமிழும் உண்டு. நடைபாதையில் வைத்திருக்கும் "வேண்டாத பொருள்களை" அகற்ற வேண்டுமாம். தீப்பிடித்தால் ஆள் ஓட வழி வேண்டும், அது நியாயம். அதை நான் மறுக்கவே இல்லை. வேண்டாத பொருள் என்று யார் சொன்னது? எங்கள் வாசலில் இருப்பது ஒடுக்கமான ஒரு அலமாரி. அதுவே யாரோ லிஃப்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர் ஒரு கால் மாற்றி நிமிர்த்தினார். அதில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருக்கின்றன, பருப்பு போட. ஐஸ்கிரீம் டப்பாக்கள், மாவு வைக்க. அரிசிப் பைகள் இருக்கின்றன, கழுவிக் காயவைத்து மடித்தவை. பழைய சேலையைக் கிழித்து அடுக்கிய கைப்பிடித் துணிகள் இருக்கின்றன. ஒன்றிலும் தூசி கிடையாது.

முதல் தடவை நோட்டீஸ் ஒட்டியபோது ஓர் அதிகாரி நேரிலும் வந்தார். சின்ன வயசுச் சீனப் பையன், மரியாதையானவன். இது குப்பை இல்லை, மறுபடியும் புழங்குகிற சாமான் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். என் வாயில் வந்தது, "நோ ரப்பிஷ், யூஸ் அகைன்." அவன் சந்தோஷமாகத் தலையாட்டி, "ஓகே ஆன்ட்டி, ரீசைக்கிள் பின் கீழே இருக்கு" என்பதுபோலக் கையைக் காட்டினான்.

உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டேன், எனக்காக இரண்டு வார்த்தை பேசச் சொல்லி. நிவேதா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடும். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் போன பிறகு வந்து, "அம்மா, அவர் சொல்றது ரைட். அதெல்லாம் ஜங்க். என் ஃபிரண்ட்ஸ் வந்தா எனக்கு எவ்வளவு வெட்கமா இருக்கு தெரியுமா?" என்றாள்.

அலமாரியைச் சுவரோடு நெருக்கி, பாதிச் சாமானைச் சமையலறைக்குள் கொண்டுபோனேன்.

2

அவன் கைகாட்டிய நீலத் தொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிற்கிறது. மறுசுழற்சித் தொட்டி. மூடியைத் திறந்தால் பாதி தின்ற சோறு, மீன் எலும்பு, ஈரமான டயப்பர். அதற்கு அடியில் யாரோ ஒழுங்காகக் கட்டிவைத்த செய்தித்தாள் நனைந்து கிடக்கும். தொட்டியில் போட்டுவிட்டால் புண்ணியம் சேர்ந்தது என்ற நினைப்பு. அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் பாட்டில் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அதில் கொத்தமல்லி இருக்கும்.

சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வந்து பாருங்கள். கீழ்த்தளத்தில் சோபா, மெத்தை, ஓடுகிற மேசை விசிறி, சக்கரம் ஒன்று மட்டும் போன சூட்கேஸ் எல்லாம் வரிசையாக நிற்கும். நம்மவர்கள் தீபாவளிக்கு முன்னால் அதையே செய்கிறார்கள், குறை ஒன்றுமில்லை. முன்பெல்லாம் பழைய சாமான் வாங்குகிறவர் ஹாரனை அடித்துக்கொண்டு மாடி மாடியாக வருவார். அந்த ஹாரன் கேட்டால் நான் கதவைத் திறந்து நிற்பேன், கொடுப்பதற்கு அல்ல, அவர் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு. நிவி அப்போதே என்னை உள்ளே இழுப்பாள்.

அவள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஒருமுறை, காலி பாட்டில்களில் ஏதாவது செய்துவரச் சொன்னார்கள். மறுபயன்பாட்டு வாரம் என்று பேர். நான் துள்ளினேன். என் வாழ்க்கையில் பள்ளிக்கூடம் கேட்ட ஒன்று என்னிடம் ஏராளமாக இருந்தது அன்றைக்குத்தான். என் பாட்டில்களைப் பார்த்துவிட்டு நிவி அழுதாள். எல்லாம் ஒரே அளவாக, ஒரே நிறமாக இருக்க வேண்டுமாம். அவளுடன் படித்த ஒரு பெண்ணின் அப்பா கடையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி தண்ணீர் பாட்டில் வாங்கி, தண்ணீரையெல்லாம் சமையலறைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் காலி பாட்டிலைக் கொடுத்தனுப்பினாராம். அந்தப் பெண்ணுக்குத்தான் பரிசு. மேடையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய.

தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பூமியைக் காப்பாற்றுகிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

3

எங்கள் ஊர் அரிமளத்துக்குப் பக்கம். செம்மண்ணும் தைலமரமும்தான். அங்கே மறுபயன்பாட்டு வாரமெல்லாம் கிடையாது. தூக்கிப்போட ஒன்றும் இல்லாதவர்களுக்கு அப்படி ஒரு வாரம் எதற்கு? அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வசதி வந்த வீடுகளில் இப்போது அங்கேயும் கண்மாய்க் கரையில் பாலித்தீன் பறக்கிறது.

ஆனால் ஒரு பொருளை மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் விடவே மாட்டார்கள். ஃபிளெக்ஸ் பேனர். கல்யாணம், காதுகுத்து, கெடாவெட்டு, கண்ணீர் அஞ்சலி, எதற்கும் பேனர். விசேஷம் முடிந்த மறுநாளே அதற்கு இரண்டாவது பிறவி. வைக்கோல் போர்மேல் மாப்பிள்ளை பெண் படுத்திருப்பார்கள். எருக்குழிமேல் ஒரு தலைவர் கையெடுத்துக் கும்பிடுவார். குளியலறை மறைப்பில் யாரோ ஒரு கைக்குழந்தை முதல் பிறந்தநாள் கேக்கோடு சிரிக்கும். சில வருசத்துக்கு முன்னால் வந்த பெரிய புயலில் ஓடெல்லாம் பறந்துபோனபோது, கூரை வேயும்வரைக்கும் எத்தனையோ குடும்பங்கள் பேனருக்குக் கீழேதான் படுத்திருந்தன. ஊரில் யார் கண்ணுக்கும் அதில் இருக்கும் முகம் தெரியாது. மழை ஒழுகுமா ஒழுகாதா, அதுதான் கேள்வி.

எனக்கும் தெரிந்ததில்லை, போன ஐப்பசி வரைக்கும்.

அண்ணன் வீடியோ காலில் வந்தார். அவர் மகள் கனிமொழிக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகியிருந்தது. கனியும் நிவியும் ஒரு வயசு வித்தியாசம். போனிலேயே வளர்ந்த சிநேகிதம். கல்யாணத்தில் நிவிதான் பக்கத்தில் தோழியாக நிற்க வேண்டும் என்று கனி ஒற்றைக்காலில் நின்றாள். இந்த வீட்டில் எங்கள் ஊரோடு நிவிக்கு மிச்சமிருந்த ஒரே கயிறு அந்தக் கனிதான். நான் பேசினால் நிவி போனைப் பார்ப்பாள். கனி பேசினால் சிரிப்பாள்.

அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். பந்தல் எங்கே போடுவது, சமையல் எங்கே. அன்றைக்கு மழை. புதிதாகக் குட்டி போட்ட ஆட்டைக் காட்டுகிறேன் என்று கொட்டகைப் பக்கம் போனார். நிவியும் குட்டி பார்க்க என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கீற்றுக் கொட்டகைமேல் ஒரு பேனர் கட்டியிருந்தது. வெயிலில் நீலம் வெளுத்துப் போயிருந்தது. பெரிய முகம். தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி, கழுத்து மறையும் மாலை. கன்னத்தில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் நிவி. "அது நானா?"

4

அவளுக்குப் பதின்மூன்று வயசில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது சடங்கு வைத்தோம். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் சும்மா இல்லை. தட்டு தட்டாக ஊர்வலமாக வரும். அண்ணன் அதோடு நிற்காமல் பஸ் ஸ்டாப் முக்கில் பேனரும் வைத்துவிட்டார். அவள் முகம், அவள் பேர், எதற்காக விழா என்ற விவரம், அதற்குக் கீழே மாமன்மார் வரிசை. போட்டோக்காரர் எடுத்த படத்தை அப்படியே கொடுத்துவிட்டார்கள். நிவிக்குத் தெரியாது. ஆட்டோவில் வரும்போது பார்த்தாள். துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆட்டோவையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். எடுத்தும் விட்டார்கள். எடுத்தது எங்கே போகும் என்று எனக்கு நினைக்கத் தோன்றவில்லை. அவளுக்கு அது அன்றோடு எரிந்துபோன விஷயம்.

இப்போது அது ஆட்டுப் புழுக்கைக்கு மேலே மழையில் சிரித்துக்கொண்டிருந்தது.

நிவி கத்தவில்லை. அவளும் என் மகள்தானே. "நான் கல்யாணத்துக்கு வரலை" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கனி அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை. இந்தத் தடவை வராவிட்டால் இனி எந்தத் தடவையும் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. என் பிறந்த வீட்டுக்கு எனக்குப் பிறகு வாசல் மிதிக்க ஆள் இல்லை.

அண்ணனை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அன்று கூப்பிட்டேன். அதைக் கழற்றிவிடுங்கள், பிள்ளை வருத்தப்படுகிறாள் என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஏ வசந்தா, ஊருல எல்லா மூஞ்சியும் எருக்குழிமேல கெடக்கு. நம்ம புள்ள மூஞ்சிய அப்புடிப் போடலாமா? அதான் அத்தன வருசம் பீரோமேல சுருட்டி வச்சிருந்து, ஒசரத்துல கட்டியிருக்கேன். ஒரு கால் படல, ஒரு சாணி படல. ஆடு என்ன அண்ணாந்து மூஞ்சியவா பாக்குது?"

அவர் அதை மரியாதை என்று நினைத்துச் செய்திருக்கிறார். எனக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நிவியிடம் அதைச் சொன்னால் சமாதானமாவாள் என்று எண்ணிச் சொன்னேன்.

"அப்போ மாமாவுக்கு அது என் முகம் இல்லை. நல்ல ஷீட்," என்றாள்.

கடைசியில் கனிதான் ஒரு நாள் முழுக்கப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். நிவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் போகும்போது அந்தப் பேனர் கொட்டகைமேல் இருக்கக் கூடாது. அண்ணனும், "இன்னைக்கே கழட்டிர்றேன், மருமக கவலப்படாம வரட்டும்" என்றார்.

5

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நிவியும் மட்டும் போனோம். திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை தாண்டி, கார் எங்கள் பஸ் ஸ்டாப் முக்கில் திரும்பியது.

கல்யாணப் பேனர் நின்றது. கனியும் மாப்பிள்ளையும் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. கீழே சொந்தக்காரர்கள் வட்டம் வட்டமாக. வலது ஓரத்தில், மற்றவர்களைவிடப் பெரிய வட்டத்தில், தலை நிறையப் பூவும் நெற்றிச்சுட்டியுமாக அதே பதின்மூன்று வயசு முகம். அதே படம். பக்கத்தில், "அன்பு அத்தை மகள், சிங்கப்பூர்."

டிரைவர் கண்ணாடியில் நிவியைப் பார்த்து, "பாப்பா அப்புடியே இருக்கு" என்றார்.

வாசலில் அண்ணன் ஓடிவந்து பெட்டியை வாங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "மருமகளே, பழசக் கழட்டிட்டேன். ஒனக்குப் புதுசே அடிச்சிட்டேன், முக்குல பாத்தியா?"

அவர் புரிந்துகொண்டது அவ்வளவுதான். பழைய ஷீட்டில் இருந்ததுதான் அவளுக்குக் குறை என்று நினைத்துவிட்டார். அதற்குப் பரிகாரமாக, கையில் இருந்த பழைய படத்தையே எடுத்து மறுபடியும் புழங்கிவிட்டார். எங்கள் ஊரில் ஒன்றும் வீணாவதில்லை என்று சொன்னேன் அல்லவா?

நிவி காரை விட்டு இறங்கி நின்றாள். பந்தலில் ஊர் கூடியிருந்தது. அவள் தமிழ் பள்ளிக்கூடத் தமிழ். பேச யோசிப்பாள். அன்றைக்கு யோசிக்கவில்லை.

"மாமா, என்கிட்ட கேட்டீங்களா?"

"என்னத்த ஆத்தா?"

"என் போட்டோவைப் போடலாமான்னு."

அண்ணன் சிரிப்பு அப்படியே நின்றது. மதினி குறுக்கே வந்து, கல்யாண வீட்டில் இதெல்லாம் எதற்கு, உள்ளே வா தங்கம் என்று கையைப் பிடித்தார். நிவி நகரவில்லை. அப்போது வாசற்படியில், மருதாணி வைத்த கையை விரித்துப் பிடித்துக்கொண்டு கனி வந்து நின்றாள்.

"கல்யாணம் எனக்கு. என்கிட்டயே கேக்கல, ஒங்கிட்டயாக்கும் கேக்கப் போறாங்க. எனக்கு மூக்கே குத்தல, கம்ப்யூட்டர்ல மூக்குத்தி போட்டு விட்ருக்காங்க பாத்தியா?"

நாலைந்து பெண்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் முகம் சிவந்தது. "பேனருக்கெல்லாமா உத்தரவு கேப்பாக?" என்று பொதுவாகக் கேட்டார். ஆனால் பார்த்தது என்னை. நான் எப்போதும்போல, ஆமாண்ணே என்பேன் என்று எதிர்பார்த்தார்.

"கேட்டிருக்கணும்ணே," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டதா என்று சந்தேகம். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சாப்பாட்டுக்கு இலை போடும்போது நிவி பக்கத்தில் வந்து, அவளைப் பார்க்காமல் சொன்னார். "கல்யாணத்துக்கு முன்ன இறக்குனா ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும் ஆத்தா. முடியட்டும். பழசு புதுசு ரெண்டையும் ஓங்கையிலயே குடுத்துர்றேன். என்ன வேணாலும் பண்ணிக்க."

நிவி தோழியாக நின்றாள். போட்டோக்காரர் வந்தபோதெல்லாம் திரும்பிக்கொண்டாள், அது தனிக் கதை.

மறுவீட்டுக்குக் கனி வந்த அன்று அண்ணன் சொன்னபடியே இரண்டையும் கொண்டுவந்து போட்டார். கொட்டகைமேல் ஓட்டைக் கீற்று மட்டும் இருக்க, ஆடுகள் பனியில் நனைந்துகொண்டிருந்தன. இரண்டு பெண்களும் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு புதுப் பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்க்க, முகங்கள் உள்ளே இருக்கும்படி கட்டினார்கள்.

"ஆடு மட்டும் பாக்கட்டும்," என்றாள் நிவி. "அது யாருக்கும் ஷேர் பண்ணாது."

அண்ணன் கீழே நின்று முடிச்சு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்புடிக் கட்டுனா சாயம்கூடப் போகாதுபோல" என்றார். தோற்றுப்போனதை அவர் ஒத்துக்கொள்ளும் விதம் அது.

பழைய பேனரை நிவி தன் சூட்கேஸில் வைத்துக்கொண்டாள்.

6

இங்கே வந்து இறங்கிய மறுநாள் அதைக் கீழே எடுத்துக்கொண்டு போனாள், நீலத் தொட்டியில் போட. போனவள் திரும்பி வந்தாள், கையில் பேனரோடு. என்னென்ன போடலாம் என்று தொட்டிமேல் ஒட்டியிருந்த படங்களில் அதற்கு இடமில்லையாம். போனில் தேடியும் பார்த்திருக்கிறாள். இந்த ஷீட்டை உருக்கி இன்னொன்று செய்வதெல்லாம் நடக்கிற காரியமில்லை. மாடியிலிருந்து கீழே இறங்கும் குப்பைக் குழாயில் தள்ளினால் எரிக்கப் போகும். தன் முகம் மீன் எலும்போடு போகிறதை அவளுக்கு நினைக்கப் பிடிக்கவில்லை.

"இதுக்கு எங்கேயுமே இடம் இல்லைம்மா," என்றாள். பிறகு வாசலுக்குப் போய், என் அலமாரியில் அரிசிப் பைகளுக்குமேல் அதை மடித்து வைத்தாள். ஜங்க் என்று சொன்ன அதே அலமாரி.

எனக்குக் கோபம் யார்மேல் என்று இப்போது ஓரளவு பிரித்துச் சொல்ல முடிகிறது. புதிதாக வாங்கிக் கொட்டிவிட்டு மறுசுழற்சி என்று கைதட்டுகிறவர்கள்மேல் கோபம். கழுவி வைத்த பாட்டிலுக்குக் குப்பை என்று பேர் வைக்கிறவர்கள்மேலும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களே, உங்கள்மேலும்தான். ஒரு சாக்கை, ஒரு டப்பாவை, ஒரு சேலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் புழங்குங்கள், நானும் உங்கள் கட்சி. ஒரு பெண்பிள்ளையின் முகத்தைப் புழங்குவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முக்கில் வைக்கும்போதே கேட்டிருந்தால் கொட்டகை வரைக்கும் வந்திருக்காது.

போன வாரம் எனக்குக் கடைக்குப் போகிற பை கிழிந்துவிட்டது. அந்தப் பேனர் நல்ல கனம். முகம் உள்பக்கம் போகும்படி மடித்துத் தைத்தால் நாலு பை வரும், வெளியே வெறும் வெள்ளை. கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன். பிறகு நின்றேன். நிவியின் அறைக் கதவைத் தட்டினேன்.

"வெட்டட்டுமா?"

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு வந்தாள். பேனரை விரித்து, அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளுத்துப்போன கன்னத்தை விரலால் தடவினாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா," என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை, அவசரமில்லை. அலமாரியில் மடித்தபடி இருக்கிறது. நோட்டீஸில் போட்டிருக்கும் நாளன்று அந்தச் சீனப் பையன் வருவான். அலமாரியை வீட்டுக்குள்ளேயே எடுத்துவைத்துவிடுவேன், வழியை மறிக்க மாட்டேன். ஆனால் வேண்டாத பொருள் என்று அந்தப் பேனரைக் காட்டினால் இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்வேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் போதும். வெயிட்டிங், தம்பி. மை டாட்டர் நாட் யெட் சே யெஸ்.